கம்பிக் கதவைத் திறந்தவள்

தம்பி,

நீ அனுப்பிய பிரச்சாரக் காணொளியை நான்கு தடவை பார்த்தேன். ஒன்றரை நிமிடம்தான் ஓடுகிறது. கழுத்தில் கட்டுப் போட்டுக்கொண்டு வங்கி வாசலில் நான் நிற்கும் பழைய பத்திரிகைப் படம் வருகிறது. பின்னால் உன் குரல்: "பாராங் கத்தியோடு வந்த கொள்ளைக்காரனைத் தனி ஆளாக மடக்கியவர் என் அம்மா. அவருடைய மகன் நான்." கீழே, "சரியா இருக்காம்மா?" என்று எழுதியிருந்தாய். நான் யோசிக்காமல் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டேன். இருபத்தெட்டு வருடப் பழக்கம் அது. யார் அந்தக் கதையைச் சொன்னாலும் தலையாட்டிவிடுவேன். அன்று மத்தியானம் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். அடுத்த வாரம் நீ என் பழைய தொகுதியில் வேட்புமனு தாக்கல் செய்யப்போகிறாய். அதற்கு முன் சில விஷயங்கள் உனக்குத் தெரிந்தாக வேண்டும். நேரில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுவேன், பாதியில் நின்றுபோகும். அதனால் எழுதுகிறேன். இடையில் எழுந்து போகாமல் கடைசிவரை படி.

என் அப்பா பட்டர்வொர்த் ரயில் நிலையத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், படித்த குடும்பம் என்ற நினைப்பு எங்கள் வீட்டில் சோற்றோடு பரிமாறப்பட்டது. ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த பிள்ளைகளோடு நான் நின்று பேசினால் அப்பாவுக்குப் பிடிக்காது. "அவங்க வேற, நாம வேற" என்பார். நான் அதை நம்பினேன். பள்ளி முடிந்ததும் ஜார்ஜ்டவுனில் ஒரு வங்கியில் கவுண்டர் வேலைக்குச் சேர்ந்தேன். தினமும் பெர்ரி ஏறிக் கடலைத் தாண்டிப் போவேன். கூடச் சேர்ந்த பெண்களில் பாதிப்பேர் கல்யாணம் ஆனதும் வேலையை விட்டார்கள், நான் விடவில்லை. தேர்வு மேல் தேர்வாக எழுதித் துணை மேலாளர் நாற்காலிக்கு வந்தேன். அந்தக் கிளையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் தமிழ்ப் பெண் நான்தான். உள்ளே வருகிறவனின் சட்டையையும் செருப்பையும் பார்த்தே அவன் எப்படிப்பட்டவன் என்று முடிவு கட்டிவிடுவேன். அதைத் திறமை என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

உனக்கு அப்போது ஏழு வயது. ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானத் தொழுகைக்காக ஊழியர்களில் பாதிப்பேர் கிளம்பிப் போயிருந்த நேரம். தலைக்கவசத்தைக் கழற்றாமலே இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். வாசலில் நின்ற காவலர் கையை நீட்டித் தடுத்தார். முதல் வெட்டு அந்தக் கையிலேயே விழுந்தது. கை முழுதாகப் போகவில்லை, முழங்கைக்குக் கீழே தொங்கியது. அவர் அதை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். தன் ரத்தம் ஓடுவதை வேறு யாருடையதையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவன் கவுண்டர் மேல் ஏறிக் குதித்தான். மற்றவன் என் கொண்டையைப் பிடித்து இழுத்துக் கழுத்தில் பாராங்கை வைத்தான். அசையாதே என்று மலாயில் கத்தினான். கழுத்தில் சூடாக ஏதோ இறங்கியது. அதற்குப் பிறகுதான் எரிந்தது. கவுண்டரில் குதித்தவன் பையை நிரப்பிக்கொண்டு வெளியே ஓடி மோட்டார் சைக்கிளைக் கிளப்பினான். இவனும் என்னைத் தள்ளிவிட்டு ஓடினான். காவலரின் ரத்தத்தில் வழுக்கி விழுந்தான். கத்தி கை நழுவி நாற்காலிகளுக்கு அடியில் போய்விட்டது. கூட்டாளி காத்திருக்கவில்லை. நான் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்புக் கருவியைத் தூக்கி அவன் முழங்காலில் இரண்டு தடவை அடித்தேன். எலும்பு நொறுங்கிய சத்தம் கேட்டது. ஓடிப்போய் வாசல் கம்பிக் கதவை இழுத்துப் பூட்டினேன். இதுவரை நீ காணொளியில் சொல்வது உண்மை. இதோடு நான் நிறுத்தியிருந்தால் அந்தப் புகைப்படத்துக்கு நான் தகுதியானவள்தான்.

அவன் தலைக்கவசத்தைக் கழற்றினான். இருபத்தொன்று, இருபத்திரண்டு வயது இருக்கும். மீசை சரியாக முளைக்கவில்லை. வலியில் முகமெல்லாம் வேர்த்து, வாய் கோணிப்போயிருந்தது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்துத் தமிழில் பேசினான். "அக்கா, தெரியாம செஞ்சிட்டேன்கா. இனிமே அசையமாட்டேன். போலீஸ கூப்பிடுங்க, நான் இங்கயே உக்காந்திருக்கேன்லா." அதற்குள் வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது. கடைக்காரர்கள், பாசாரில் மூட்டை தூக்குகிறவர்கள், மோட்டாரை அப்படியே விட்டுவிட்டு வந்தவர்கள். சிலர் கையில் கட்டையும் இரும்புக் குழாயும் இருந்தன. கம்பியைப் பிடித்து உலுக்கினார்கள். அவன் அதைப் பார்த்துவிட்டுத் தரையில் தவழ்ந்து என் காலடிக்கு வந்தான். "கதவ தொறக்காதீங்கக்கா. கொன்னுடுவானுங்க." எங்கள் மேலாளர் ஒரு சீனர், பயந்த மனிதர். அவர்கூட மேசைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துத் திறக்க வேண்டாம், போலீஸ் வந்துகொண்டிருக்கிறது என்றார். சாவி என் கையில் இருந்தது.

நான் திறந்தேன், தம்பி. பயத்தில் திறந்தேன் என்று நீ நினைத்துக்கொள்ளக் கூடாது. பயம் அப்போது என்னை விட்டுப் போயிருந்தது. அவன் தமிழில் பேசியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என் கழுத்தை அறுத்தவன் என்னை அக்கா என்கிறானே என்று உள்ளே ஒரு வெறி எழுந்தது. "தோட்டத்து நாய்" என்ற வார்த்தை என் வாயிலிருந்து வந்தது. அப்பா சொல்லி வளர்த்த நினைப்பெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் வந்து விழுந்தது. கதவை அகலத் தள்ளிவிட்டு, அவனைக் காட்டி, "இவன்தான். அடிங்க" என்றேன். நான் சொல்லவேண்டிய அவசியம்கூட இல்லை. ஆனாலும் சொன்னேன்.

உடைந்த காலைப் பிடித்து அவனைக் கடைகளின் முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில் இழுத்துக்கொண்டு போனார்கள். படி இறங்கும்போது அவன் தலை ஒவ்வொரு படியிலும் இடித்தது. அவன் கொண்டுவந்த தலைக்கவசத்தாலேயே ஒருவன் அவன் முகத்தில் அடித்தான். குழாயால் விலாவில் அடித்தார்கள். யார் என்றே தெரியாத ஒரு ஆள், சாப்பாடு வாங்கிக்கொண்டு அந்த வழியாகப் போனவர், பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து வயிற்றில் இரண்டு உதை விட்டுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போனார். முதலில் அவன் அலறினான். பிறகு "அம்மா" என்று மட்டும் சொன்னான். பிறகு அதுவும் இல்லை. சத்தம் நின்ற பிறகும் அடி நிற்கவில்லை. நான் கழுத்தைத் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று முழுவதையும் பார்த்தேன். "போதும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பார்கள். அவர்கள் அடித்ததே எனக்காகத்தான். சொல்லவில்லை. போலீஸ் வண்டி வந்தபோது அவன் முகம் இருந்த இடத்தில் முகம் இல்லை.

அவன் பெயர் சேகரன். தாசேக் கெலுகோரில் ஒரு ரப்பர் தோட்டத்துப் பையன். விசாரணையில் நான் சொன்னது இதுதான்: காவலரைத் தூக்கிக்கொண்டு போகக் கதவைத் திறந்தோம், அவன் அந்தச் சமயத்தில் வெளியே ஓடினான், கூட்டம் பிடித்துக்கொண்டது. உடைந்த முழங்காலோடு ஒருவன் எப்படி ஓடினான் என்று யாரும் கேட்கவில்லை. மேலாளர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அவரும் அதையே சொன்னார். வங்கிக்கும் அதுதான் வசதியாக இருந்தது. தெருவில் அடித்தவர்களில் ஒருவரைக்கூட அடையாளம் காட்ட ஆள் வரவில்லை. பத்திரிகையில் என் படம் வந்தது. தலைமையகத்திலிருந்து பாராட்டுப் பத்திரமும், ஆறு மாதத்தில் கிளை மேலாளர் பதவியும் வந்தன.

அந்த நாட்களில் ஒரு காலை நீ பள்ளிச் சீருடையோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாய். பத்திரிகையில் என் படத்துக்குப் பக்கத்தில் அவனுடைய அடையாள அட்டைப் படம் சின்னதாக வந்திருந்தது. அதைத் தொட்டுக் காட்டி, "இந்த அண்ணன் செத்துப் போயிட்டாராம்மா? அவரோட அம்மா அழுவாங்களா?" என்று கேட்டாய். நான் ஓங்கி அறைந்தேன். உன் முகம் மேசை விளிம்பில் மோதி உதடு கிழிந்தது. இரண்டு தையல் போட்டார்கள். படியில் விழுந்துவிட்டான் என்று மருத்துவரிடமும் உன் அப்பாவிடமும் சொன்னேன். நீயே அதை நம்ப ஆரம்பித்துவிட்டாய். அந்தத் தழும்பைப் பற்றி யாராவது கேட்டால் படியில் விழுந்த கதையைத்தான் சொல்கிறாய். நீ விழவில்லை, தம்பி. அன்று இந்த வீட்டில் சரியான கேள்வியைக் கேட்டவன் நீ ஒருவன்தான்.

இரண்டு வருடம் கழித்துக் கட்சி என்னைத் தேடி வந்தது. படித்த பெண், வங்கி மேலாளர், அதற்கும் மேலே கழுத்தில் ஒரு வெட்டுக்காயம். இதைவிட நல்ல வேட்பாளர் அவர்களுக்குக் கிடைத்திருக்க மாட்டார். சுங்கை பினாங் பிளாட்டுகளில் மேடை ஏறும்போதெல்லாம் கழுத்துத் துணியை விலக்கிக் காட்டச் சொன்னார்கள். நானும் காட்டினேன். பெண்கள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். வென்றேன். சட்டமன்ற உறுப்பினர் ஆனதும் எல்லோரும் என்னை மரியாதையாக ஒய்.பி. என்றார்கள். நல்ல காரியமே செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வந்த தெருக்களுக்குக் கால்வாய் வெட்டினோம். மின்தூக்கி ஓடாத பிளாட்டுகளில் அது ஓடும்வரை அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினேன். அதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். கட்சி என் பாதுகாப்புக்கென்று மணியத்தைக் கொடுத்தது. நீ மணியம் அங்கிள் என்று கூப்பிடுகிற அதே மணியம். அப்போது அவனுக்கு முப்பது வயது, கூடவே எப்போதும் நான்கைந்து பேர். கூட்டத்தில் யாராவது சத்தம் போட்டால் அவன் எழுந்து நின்றாலே போதும், சத்தம் அடங்கிவிடும். அடங்காத கூட்டங்களில் நாற்காலிகள் பறந்தன, மண்டைகள் உடைந்தன. நான் மேடையிலிருந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தண்ணீர் குடிப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பிளாட்டின் கீழே கூட்டம். கேள்வி நேரத்தில் ஒரு ஆள் எழுந்தார். வங்கிக்கு எதிரே பூக்கடை வைத்திருக்கும் வேலு. எதிர்க்கட்சிக்காரர் இல்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். "ஒய்.பி., அன்னிக்கு நான் எதுத்தாப்ல கடையில மாலை கட்டிக்கிட்டிருந்தேன். அந்தப் பையன் ஓடி வரலியே. இழுத்துக்கிட்டுல்ல வந்தாங்க. பூட்டுன கதவ யாரு தொறந்தா?" கூட்டம் என்னையே பார்த்தது. நான் சிரித்துவிட்டு அடுத்த கேள்வி என்றேன். அப்புறம் திரும்பி மணியத்தைப் பார்த்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அவனும் கேட்கவில்லை. மறுநாள் காலை, கடை திறந்த நேரம், மூன்று பேர் போய் வேலுவின் வலது கையைப் பூ வெட்டும் பலகையில் வைத்து அழுத்திப் பிடித்து, இரும்புக் கம்பியால் விரல் விரலாக அடித்து நசுக்கினார்கள். ஐந்து விரலும் போயின. மணியம் என் அலுவலகத்துக்கு வந்து, "விஷயம் முடிஞ்சிருச்சி ஒய்.பி. இனிமே கேள்வி வராது" என்றான். நான் தலையாட்டினேன். பிறகு பழக்கூடை எடுத்துக்கொண்டு, புகைப்படக்காரரையும் கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போய் வேலுவைப் பார்த்தேன். கட்டுப்போட்ட கையை மார்பில் வைத்துப் படுத்திருந்தார். "நீங்க வராமலாச்சும் இருந்திருக்கலாம்" என்றார். படத்தில் அவர் முகம் என் பக்கம் திரும்பியிருக்காது. நீ அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறாய். நம் கூடத்தில் மாட்டியிருந்தது.

இனி எழுதப்போவதை எழுதத்தான் இரண்டு நாளாகப் பேனாவைத் தொடாமல் இருந்தேன். என் இரண்டாம் தவணை முடியப்போகிற நேரம். மணியம் ஒரு நிலத்தைக் கேட்டான். குடும்பங்கள் குடியிருந்த நிலம். அவர்களைக் கிளப்பிவிட்டுத் தனக்குத் தெரிந்த நிறுவனத்துக்கு வாங்கிக் கொடுக்கச் சொன்னான். முதல் தடவையாக அவனிடம் முடியாது என்றேன். இனி என் பக்கம் வராதே என்றும் சொன்னேன். ஒரு வாரம் கழித்து நாம் மூவரும் உன் தேர்வு முடிவுக்காகக் கோவிலுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். நடுப்பகல். சிவப்பு விளக்கில் காடி நின்றதும் இரண்டு மோட்டார் முன்னால் வந்து மறித்தன. மற்றதெல்லாம் உனக்கு நினைவிருக்கும்: முன் கண்ணாடி உடைந்து மடியில் கொட்டியது, நான் பின்சீட்டுக்குத் தாவி உன் தலையைக் கீழே அமுக்கினேன், உன் அப்பா கதவைத் திறந்து வெளியே இறங்கி, "பையன் இருக்கான், விட்டுடுங்க" என்றார். இரும்புக் குழாய் அவர் தலையில் விழுந்தது. விழுந்தவரை மறுபடியும் அடித்தார்கள். உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. முகத்தில் துணி கட்டியிருந்த அந்தக் கும்பலில், குழாயைத் தூக்கியவன் என் பக்கம் திரும்பி, "போதுமா ஒய்.பி.?" என்றான். எட்டு வருடம் என் பின்னால் நின்ற குரல் அது. மணியத்தின் குரல்.

அன்று மாலையே அவன் மருத்துவமனைக்கு வந்தான். பூப்போட்ட சட்டை, கையில் பால்மாவு டின். உன் அப்பா உள்ளே அறுவை சிகிச்சை மேசையில் கிடந்தார். நீ நடைபாதை நாற்காலியில் ரத்தச் சட்டையோடு உட்கார்ந்திருந்தாய். மணியம் உன் தோளில் கை போட்டு ஆறுதல் சொல்லிவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டான். "சார் பொழச்சிக்குவாரு லா. நீங்க போலீஸ் பாலாய்ல என்னா சொல்லப் போறீங்க? நானும் பூக்கடைக்காரன் கையப் பத்திச் சொல்லணும்ல? அந்தக் கதவப் பத்தியும் சொல்லணும்ல?" நான் போலீஸிடம் யாரையும் அடையாளம் தெரியவில்லை என்றேன். வெளியே வந்து உன்னிடம், எதிர்க்கட்சிக்காரர்கள் செய்த வேலை என்றேன். உன் அப்பா இரண்டு வருடம் உயிரோடு இருந்தார். சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாமல், என் பெயரை மறந்து, பாதிச் சோற்றை வாயின் ஓரம் வழியவிட்டு இருந்தார். நீதான் அவருக்கு ஊட்டினாய். ஊட்டும்போது பல்லைக் கடித்துக்கொண்டு, "அவனுங்கள விடமாட்டேன்மா" என்பாய். எவனுங்களை என்று எனக்குத் தெரியும். நான் சும்மா இருந்தேன். அந்தக் கோபத்தில்தான் நீ கட்சியில் சேர்ந்தாய். அந்தக் கோபத்தைத்தான் இன்றைக்கு மேடை மேடையாகப் பேசுகிறாய். உன் அப்பாவின் மண்டையை உடைத்தவன்தான் இன்று உன் தேர்தல் நடவடிக்கை அறைக்குப் பொறுப்பாளன்.

கட்சி என்னைக் கைவிடவில்லை. அடுத்த தேர்தலில் எனக்கு இடம் இல்லை என்றதும் ஒரு சிறு வங்கியின் இயக்குநர் குழுவில் உட்காரவைத்தார்கள். பத்து வருடம் குளிர்சாதன அறையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். மரியாதை குறையவில்லை. மணியத்துக்கும் அரசுப் பட்டம் கிடைத்தது, வயிறு வந்தது, முடி நரைத்தது. கல்யாண வீடுகளில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். உன் கல்யாணத்தில் அவன் உன் தலையில் அட்சதை போட்டபோது நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு பேருக்கும் நடுவே எந்தப் பேச்சும் தேவைப்படவில்லை. அவன் வாயில் என் உயிர், என் வாயில் அவன் உயிர். உன்னை அவன் கையில் கொடுத்துவிட்டு இப்படியே செத்துப்போய்விடலாம் என்றுகூட நினைத்திருந்தேன். போன மாதம் உன் பிரச்சாரத்தில் எதிர்க்கட்சிப் பையன் ஒருவனின் தாடையை உடைத்தார்கள் அல்லவா? உன்னிடம் கேட்டபோது, "நான் ஒன்னும் சொல்லலம்மா. அங்கிள் பாத்துக்கிட்டாரு" என்றாய். நான் ஒன்றும் சொல்லாமல்தான் வேலுவின் விரல்கள் போயின.

காணொளியைப் பார்த்த மறுநாள் காலை பெர்ரி ஏறி, பட்டர்வொர்த்தில் ரயில் பிடித்துத் தாசேக் கெலுகோர் போனேன். சேகரனின் முகவரியைப் போலீஸ் தாளில் பார்த்தது எனக்கு மறக்கவே இல்லை. தோட்டத்தில் இப்போது ரப்பர் இல்லை, செம்பனை மரங்கள்தான். பழைய லயத்து ஆட்களைக் கேட்டுக் கேட்டு, அவன் தங்கை இந்திராணியை ஒரு மலிவு வீட்டுத் தாமான் குடியிருப்பில் கண்டுபிடித்தேன். ஐம்பது வயதுக்குக் கொஞ்சம் முன்னே இருப்பாள். தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்து வாசலில் உட்கார்ந்து பாராங்கால் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொன்னதும் பாராங்கைக் கீழே வைக்காமல் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பேப்பர்ல பாத்திருக்கேன். எங்கண்ணன் ஒங்கள வெட்டிட்டான். அதுக்கு எங்கம்மா உங்க வீட்டுக்கு வந்து மன்னிப்பு கேக்கணும்னு கெடந்தாங்க. பஸ்சுக்குக் காசு சேத்து வச்சிருந்தாங்க. வரதுக்குள்ள போயிட்டாங்க." அவளே தொடர்ந்தாள். "சாவுற வரைக்கும் ஒன்னே ஒன்னுதான் கேட்டாங்க. இந்தப் பையன் எதுக்கு வெளிய ஓடுனான்? உள்ளயே கெடந்திருந்தா ஜெயிலுக்குப் போயாச்சும் திரும்பி வந்திருப்பானேன்னு."

"அவன் ஓடலம்மா," என்றேன். "காலை நான்தான் உடைச்சேன். கதவைத் திறக்க வேணாம்னு என் காலைப் பிடிச்சிக் கெஞ்சினான். நான்தான் திறந்து விட்டேன். அடிங்கன்னு சொன்னேன்."

அவள் எழுந்தாள். கையில் பாராங் இருந்தது. நான் நகரவில்லை, நகரக்கூடாது என்று நினைத்தேன். அவள் அதைத் தூர எறிந்துவிட்டு, உரித்த தேங்காயை எடுத்து என் முகத்தில் அடித்தாள். கீழே விழுந்தேன். மேலே ஏறி உட்கார்ந்து இரண்டு கையாலும் அறைந்தாள், தலைமுடியைப் பிடித்துத் தலையைத் தரையில் மோதினாள். "எங்கம்மா சாகுற வரைக்கும் அவனத்தான்டி திட்டுச்சி! ஓடுனான்னு திட்டுச்சி!" என்று கத்தினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்து பிரித்தார்கள். இந்தக் கிழவியை எதற்கு அடிக்கிறாய் என்று ஒருவர் அவளைப் பிடித்துத் தள்ளினார். அவளைத் தொடாதீர்கள் என்று நான் சொல்லவேண்டியிருந்தது. மூச்சு வாங்க நின்றவள் உள்ளே போய் ஒரு பள்ளிக்கூடக் கொப்பியும் பேனாவும் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள். "எழுதிக் குடுத்துட்டுப் போ." நான் தரையில் உட்கார்ந்தபடியே எழுதினேன். நடந்ததை நடந்தபடி எழுதி, பெயரும் அடையாள அட்டை எண்ணும் போட்டுக் கையெழுத்திட்டேன். ஒரு தடவை வாய்விட்டுப் படிக்கச் சொன்னாள். படித்தேன். "ஒன்ன நான் மன்னிக்க மாட்டேன். இனிமே இங்க வராத" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். நீ வந்து பார்த்தபோது குளியலறையில் விழுந்தேன் என்று சொன்னேன் அல்லவா? என் முகத்தில் இருக்கும் கன்றிப்போன தடங்கள் அவள் கைபட்டவை. அந்தக் குளியலறைக் கதைதான் நான் உன்னிடம் சொன்ன கடைசிப் பொய்.

அதற்குப் பிறகு வேலுவைப் போய்ப் பார்த்தேன். இன்னும் அதே கடைதான். இடது கையாலும் பல்லாலும் நாரை இழுத்து மாலை கட்டுகிறார். போலீஸில் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன், சாட்சிக்கு வருவீர்களா என்று கேட்டேன். கையிலிருந்த மாலையைக் கட்டி முடித்துக் கொக்கியில் மாட்டினார். "வரேன். ஆனா ஒங்களுக்காக இல்ல. அந்தப் பையனுக்காக" என்றார். நேற்றுக் காலை இருவரும் போனோம். இளம் இன்ஸ்பெக்டர் ஒருவர், மலாய்க்காரர், என் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்தார். சேகரன், வேலு, உன் அப்பா, மூன்றையும் சொன்னேன். மணியத்தின் பெயரையும் சொன்னேன், என் பெயரையும் சொன்னேன். தட்டச்சு செய்துகொண்டே இருந்தவர் நடுவில் நிறுத்தி, "ஆண்டி, இதில் கையெழுத்துப் போட்டால் உங்களையும் பிடிப்பார்கள், தெரியுமா?" என்றார். தெரியும் என்று கையெழுத்துப் போட்டேன். உன் அப்பாவைத் தாக்கியபோது காடியில் இருந்தவன் என்ற முறையில் உன்னையும் கூப்பிடுவார்கள். அவர்கள் கூப்பிடுவதற்கு முன் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று இன்றே அனுப்புகிறேன்.

நீ போட்டியிடுவதா வேண்டாமா என்பதை நான் சொல்லமாட்டேன். சொல்லும் தகுதி எனக்கு இல்லை. போட்டியிட்டால் அந்தக் காணொளியை எடுத்துவிடு. மக்களிடம் நடந்ததைச் சொல். தோற்பாய் என்றுதான் நினைக்கிறேன். தோற்றால் பரவாயில்லை. வேறு ஒன்றுதான் எனக்குப் பயம். இந்த வரியைப் படிக்கும்போது நீ எழுந்து நின்றிருப்பாய். காடிச் சாவியைத் தேடுவாய். பின்பெட்டியில் என்ன வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். பிரச்சாரத்துக்குப் போகிறவர்கள் எல்லோரும் வைத்திருக்கிறார்கள். மணியம் இந்நேரம் எங்கே இருப்பான் என்பதும் உனக்குத் தெரியும். போகாதே, தம்பி. அவனுக்கு அறுபதை நெருங்கும் வயது. நீ அடித்தால் ஒரே அடியில் விழுந்துவிடுவான். விழுந்த பிறகும் உன் கை நிற்காது. நிற்காது என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவனைப் போலீஸ் கூப்பிடட்டும். நீதிமன்றத்தில் அவன் எதிரே நான் உட்கார்ந்து சொல்கிறேன். அவன் என்னைப் பற்றிச் சொல்வதையும் கேட்டுக்கொள்கிறேன்.

யாரையாவது அடிக்காமல் தீராது என்றிருந்தால் இங்கே வா. நான் வீட்டில்தான் இருக்கிறேன், எங்கும் போகவில்லை. கதவைப் பூட்டவும் இல்லை.

அம்மா